குறியும் குணமும்

மாணவ நண்பர்களே,

வெண்ணந்தூர் என்னுடைய ஊர். நெடுங்காலம் சேலம் மாவட்டத்தில் இருந்து, 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது அதனைச் சேர்ந்தது. தறியோசை கேட்டுக் கண் விழித்து, அவ்வோசை அடங்கியபின் கண் மூடும் ஊர் அது. அருகில் இராசிபுரம் இருக்கிறது. தென்கிழக்கே கொல்லிமலை நிற்கிறது. அங்கிருந்து புறப்பட்டுச் சீன நாடு வரை சென்று, மீண்டும் அம்மலையடிக்கே உங்களை அழைத்துவர எண்ணுகிறேன். சீனருடைய பழைய குறிநூல் ஒன்று, மனிதன் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் அறநூலாக எவ்வாறு மாறியது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் பக்கத்தில் பூக்கேட்டல் என்று ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, நிலம் வாங்கலாமா என்று ஐயம் எழுந்தால், சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தெய்வத்தின் முன்னே வைப்பார்கள். இன்ன நிறம் வந்தால் செய்யலாம், இன்ன நிறம் வந்தால் வேண்டா என்று முன்னதாகவே மனத்தில் உறுதி செய்துகொள்வார்கள். ஒன்றும் அறியாத சிறு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். பொட்டலம் பிரியும் வரையில் அங்கே மூச்சு விடும் ஓசையும் கேளாது.

1984-ஆம் ஆண்டில், நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், என் வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் படித்தான். கணக்கில் கூரிய அறிவுடையவன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினான். மேலே படிப்பதா, தறியில் இறங்குவதா என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. அவனுடைய பாட்டி பூக்கேட்டார். சிவப்பு வந்தால் படிப்பு. வெள்ளை வந்தால் தறி. வெள்ளை வந்தது. செய்தி அறிந்து நான் அவர்கள் வீட்டுக்கு விரைந்தேன். இது மூடநம்பிக்கை என்றும், பூவுக்கு என்ன தெரியும் என்றும் இளமை வேகத்தில் படபடத்தேன். அம்மூதாட்டி சினங்கொள்ளவில்லை. "சாமி குடுத்த வாக்குங்க வாத்தியாரே, நாம மாத்த முடியுமுங்களா?" என்றார். பையன் தலை குனிந்தவாறு தார் சுற்றிக்கொண்டிருந்தான். நான் தோற்றுத் திரும்பினேன். எங்கே தவறினேன் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சீன நாட்டு வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

அவ்வரலாற்றின் தொடக்கத்தைக் காண்போம். சீனத்தின் ஹெனான் மாநிலத்தில் ஆன்யாங் என்னும் ஊர் உள்ளது. மருந்துக் கடைகளில் டிராகன் எலும்பு என்று விற்கப்பட்டுவந்த பழைய எலும்புத் துண்டுகளில் எழுத்துகள் இருப்பதை, 1899-ஆம் ஆண்டில் வாங் யீரோங் என்னும் அறிஞர் கண்டறிந்தார் என்பர். அவ்வெலும்புகள் வந்த இடம் ஆன்யாங் என்பது பின்னர்த் தெரிந்தது. 1928-ஆம் ஆண்டு முதல் அங்கே முறையான அகழாய்வு நடைபெற்றது. இதுவரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்துள்ளன. அவை ஷாங் மரபைச் சேர்ந்த அரசர்கள் குறி கேட்ட எலும்புகள். அவற்றுள் மிகப் பழையவை கி.மு. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆமையின் வயிற்றோட்டிலும் எருதின் தோள்பட்டை எலும்பிலும் குழி குடைந்து, அக்குழியில் தீக்கொள்ளியை வைப்பார்கள். வெப்பம் தாங்காமல் எலும்பு வெடிக்கும். அவ்வெடிப்பின் போக்கைப் பார்த்து நன்மை தீமை கூறுவார்கள். கேட்ட கேள்வியையும் சில வேளைகளில் நடந்த விளைவையும் அதே எலும்பில் பொறித்து வைத்தார்கள்.

அவர்கள் கேட்டவை யாவை? மழை வருமா, வாராதா? விளைச்சல் உண்டா, இல்லையா? படையெடுக்கலாமா? அரசனுக்குப் பல் வலிக்கிறதே, எந்த முன்னோர் சினந்தார்? வூ திங் என்னும் அரசனுடைய தேவி ஃபூ ஹாவ் கருவுற்றிருந்தபோது, மகப்பேறு நலமாக நிகழுமா என்று கேட்ட எலும்பு ஒன்று உள்ளது. விளைவையும் அதிலேயே எழுதினார்கள். நலமாக நிகழவில்லையாம், ஏனெனில் பிறந்தது பெண்ணாம்! அந்தத் தேவியோ படை நடத்திச் சென்ற வீராங்கனை. 1976-ஆம் ஆண்டில் தோண்டப்பெற்ற அவளுடைய கல்லறையில் படைக்கலங்களும் வெண்கலக் கலங்களும் நிறைந்திருந்தன. பழைய குறியின் இயல்பு இதனால் விளங்குகிறது. என்ன நேரும் என்று அது கேட்டது. கேட்பவன் எத்தகையவன் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

கி.மு. 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷாங் மரபு வீழ்ந்தது. சோ மரபு அரசுரிமை எய்தியது. சோ மக்களிடையே வேறொரு குறிமுறை ஓங்கிற்று. அதற்குரிய நூலே யீ சிங் என்பது. 'யீ' என்றால் மாற்றம். 'சிங்' என்றால் மூலநூல். முறிவற்ற நேர்க்கோடு ஒன்று, நடுவில் முறிந்த கோடு ஒன்று, இவ்விரண்டே அந்நூலுக்கு அகரமும் ஆகாரமும் ஆகும். எங்கள் ஊர்ச் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு நிலைகள். இரண்டு கோடுகளுக்கு நான்கு. மூன்று கோடுகளுக்கு எட்டு. இவ்வாறே இரட்டித்துக்கொண்டு போனால் ஆறு கோடுகளுக்கு 64 நிலைகள் வரும். அந்த 64 ஆறுகோட்டுக் குறிகளும், அவற்றிலுள்ள 384 கோடுகளுக்கும் உரிய சிறு சிறு வாசகங்களும் சேர்ந்ததே மூலநூல். ஜெர்மானியக் கணித மேதை லைப்னிட்ஸ், சுழியும் ஒன்றுமாகிய இரண்டே இலக்கங்களால் எண்களையெல்லாம் எழுதும் முறையைப் பற்றி 1703-ஆம் ஆண்டில் கட்டுரை வரைந்தார். பீக்கிங்கிலிருந்த கிறித்தவத் துறவி பூவே அனுப்பிய இக்கோட்டுக் குறிகளின் படத்தைக் கண்டு, தம்முடைய முறையோடு அவை ஒத்திருப்பதை அக்கட்டுரையிலேயே வியந்து எழுதினார்.

குறி கேட்கும் முறை பொறுமையைச் சோதிப்பது. ஒருவகைச் செடியின் உலர்ந்த தண்டுகள் 50 எடுத்துக்கொள்வார்கள். ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு 49 தண்டுகளையும் மனம்போன போக்கில் இரண்டு பிடியாகப் பிரிப்பார்கள். ஒரு பிடியிலிருந்து ஒரு தண்டை எடுத்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, இரு பிடிகளையும் நான்கு நான்காக எண்ணிக் கழித்து, எஞ்சியவற்றையும் ஒதுக்குவார்கள். இவ்வாறு மூன்று முறை செய்தால் ஒரு கோடு கிடைக்கும். பதினெட்டு முறை செய்தால் ஆறு கோடுகளும் கிடைக்கும். அடியிலிருந்து மேல்நோக்கிக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பும். கேட்பவன் அத்தனை நேரமும் தன் கேள்வியோடு தனித்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பிலே கேள்வியே மெல்ல மெல்ல மாறத் தொடங்கியது எனலாம்.

அம்மாற்றத்தைக் காட்டும் நிகழ்ச்சிகள் இரண்டு, ட்ஸோ சுவான் என்னும் பழைய வரலாற்று நூலில் உள்ளன. இரண்டும் லூ என்னும் சிறு நாட்டில் நடந்தவை.

முதல் நிகழ்ச்சி மூ ஜியாங் என்னும் அரசமாதேவியைப் பற்றியது. நாட்டின் பெருங்குடிகளை வீழ்த்தச் செய்த சூழ்ச்சியில் பங்குகொண்டமையால் அவள் கீழை அரண்மனையில் காவலில் வைக்கப்பட்டாள். அங்கே சென்ற தொடக்கத்தில் குறி கேட்டாள். பின்தொடர்தல் என்னும் பெயருடைய குறி கிடைத்தது. குறி சொல்பவர், விரைவில் தேவியார் வெளியேறுவார் என்று இனிமையாகச் சொன்னார். அவளோ அதனை மறுத்தாள். அந்தக் குறிக்குரிய வாசகம் நான்கு பண்புகளைக் கூறுகிறது. அவை உடையவருக்கே அது குற்றமற்ற குறியாகும். நான் நாட்டுக்கு அமைதி தேடவில்லை. எனக்கே கேடு சூழ்ந்துகொண்டேன். நன்மையும் இல்லை, உறுதியும் இல்லை. நல்ல குறி எனக்கு எவ்வாறு பொருந்தும்? இவ்விடத்திலேயே இறப்பேன். இதுவே அவள் கூறியதன் கருத்து. கி.மு. 564-இல் அவள் அவ்வரண்மனையிலேயே இறந்தாள் என்று நூல் முடிக்கிறது. வாழ்நாளெல்லாம் தவறிய ஒருத்தி, நல்ல குறியை நம்பித் தன்னை ஏமாற்றிக்கொள்ள மறுத்த அந்த ஒரு வேளையில் எவ்வளவு உயர்ந்துவிட்டாள், பாருங்கள்!

இரண்டாவது நிகழ்ச்சி கி.மு. 530-இல் நடந்தது. நான் குவாய் என்பவன் ஜி குடித் தலைவனுக்கு அடங்கிய கோட்டையொன்றின் அதிகாரி. தலைவனுக்கு எதிராகக் கலகம் செய்யத் திட்டமிட்டுக் குறி கேட்டான். நிலம் என்னும் குறியின் ஐந்தாம் கோடு வந்தது. மஞ்சள் நிறக் கீழாடையைக் கூறி, மிகுந்த நன்மை உண்டென்று சொல்லும் கோடு அது. மகிழ்ச்சி தாங்காமல், இன்ன காரியம் என்று சொல்லாமலே அதனை ஸீஃபூ ஹுய்போ என்னும் பெரியவரிடம் காட்டினான். அவரோ, உண்மையும் நம்பகமும் உள்ள செயலானால் கைகூடும், அல்லாவிடில் தோல்வியே என்றார். மஞ்சள் நடுவுநிலையின் நிறம்; கீழாடை அடக்கத்தின் அடையாளம்; இவ்விரண்டும் இல்லாதவனுக்கு இக்கோடு பயன்படாது; தீய துணிகரத்துக்கு யீ நூலைக் கேட்டலே தகாது என்று விளக்கினார். நான் குவாய் கேட்கவில்லை. கலகம் செய்தான், தோற்றான், அயல்நாட்டுக்கு ஓடினான்.

அந்த லூ நாட்டிலேதான் கி.மு. 551-இல் கன்பூசியஸ் பிறந்தார். மூ ஜியாங் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர். நான் குவாய் குறி கேட்டபோது இருபத்தொரு வயது இளைஞர். ஆகவே, குறியைக் குணத்தால் அளக்கும் எண்ணம் அவர் பிறந்த மண்ணில் முன்னமே முளைவிட்டிருந்தது. அவர் அதற்கு நீர் வார்த்தார். அவருடைய உரைகளின் தொகுப்பாகிய லுன் யூ என்னும் நூலில் ஓரிடம் உண்டு. நிலைபேறு என்னும் குறியிலிருந்து, தன் நற்பண்பில் நிலைத்து நில்லாதவன் இழிவடைவான் என்ற கருத்துடைய வாசகத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். அத்தகையவனுக்குக் குறி கேட்க வேண்டிய தேவையே இல்லை என்று முடித்துவிடுகிறார். நிலையற்றவனுக்கு என்ன நேரும் என்பதை அறியத் தண்டு எண்ண வேண்டுமா என்பது பொருள் போலும்.

முதுமையில் அவர் யீ நூலை இடையறாது கற்றார் என்றும், அதன் மூங்கில் ஏடுகளைக் கோத்திருந்த தோல்வார் மூன்று முறை அறுந்தது என்றும் வரலாற்றாசிரியர் சூமா சியென் எழுதுகிறார். இதனை மரபுச் செய்தியாகக் கொள்வோம். ஆனால் 1973-ஆம் ஆண்டில் ஒரு புதையல் கிடைத்தது. ஹுனான் மாநிலத்துச் சாங்ஷா நகரையடுத்த மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பெற்ற கல்லறை ஒன்றில், பட்டுத்துணியில் எழுதப்பட்ட யீ நூலும் அதனோடு சில உரைகளும் கிடைத்தன. அவ்வுரைகளுள் ஒன்றில் மாணவர் ஸீகோங் ஆசிரியரை மடக்குகிறார். பண்பு குன்றியவரே தெய்வங்களை நாடுவர், அறிவு குன்றியவரே குறி கேட்பர் என்று தாங்கள் எங்களுக்குக் கற்பித்தீர்களே, இப்போது தாங்களே இந்நூலில் ஆழ்ந்துவிட்டீர்களே என்பது கேள்வியின் சாரம். ஆசிரியர் சினக்கவில்லை. நான் இந்நூலில் தேடுவது அதிலுள்ள அறத்தை. குறி சொல்வாரும் நானும் ஒரே வழியில் நடக்கிறோம், சேரும் இடம் வேறு என்று விடை கூறுகிறார். கன்பூசியஸ் மறைந்து மூன்று நூற்றாண்டு கழிந்த ஏடு இது; ஆகையால் இவை அவர் வாய்ச்சொற்களே என்று உறுதி கூறலாகாது. எனினும் அவர் வழிவந்தோர் தம் ஆசானை எவ்வாறு நினைந்தனர் என்பதற்கு இது தக்க சான்று.

மூலநூலோடு பத்து உரைகள் சேர்ந்துள்ளன. அவற்றைப் பத்துச் சிறகுகள் என்பர். அவையும் கன்பூசியஸ் இயற்றியவை என்று நெடுங்காலம் நம்பினார்கள். 11-ஆம் நூற்றாண்டிலேயே ஓயாங் சியூ என்னும் சீன அறிஞர் அதனை ஐயுற்றார். அவருக்குப் பிற்பட்ட காலத்தவர் பலரால் எழுதப்பட்டவை என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர் கருத்து. அவ்வுரைகளுள் குறிகளின் உருவத்தை விளக்கும் பகுதி, மாணவர்களாகிய உங்களுக்குப் பெரிதும் பயன்படும். ஆறுகோட்டுக் குறி ஒவ்வொன்றும் இரண்டு மூன்றுகோட்டுக் குறிகளால் ஆனது. மூன்றுகோட்டுக் குறிகள் எட்டும் வானம், நிலம், இடி, காற்று, நீர், தீ, மலை, ஏரி ஆகியவற்றைக் குறிக்கும். காற்றும் இடியும் கூடிய குறியைக் கண்டால் என்ன நேரும் என்று அவ்வுரை சொல்வதில்லை. அதனைக் காணும் சான்றோன், பிறரிடத்து நன்மை கண்டால் அதன்பால் விரைவான், தன்னிடத்துக் குற்றம் கண்டால் திருத்திக்கொள்வான் என்று சொல்கிறது. வானத்தின் ஓயாத சுழற்சியைக் கண்டால் தன்னை ஓயாது வலிமைப்படுத்திக்கொள்வான் என்கிறது.

அடக்கம் என்பது 15-ஆம் குறி. மேலே நிலம், கீழே மலை. மலை மண்ணுக்குள் மறைந்திருக்கிறது! உயர்ந்தது தன் உயரத்தைக் காட்டாமல் இருக்கும் நிலை. அடக்கம் என்னும் இந்த ஒரு குறியில் மட்டும் ஆறு கோடுகளில் எதுவும் தீமை சொல்வதில்லை என்று உரைகாரர் போற்றுவர். கொல்லிமலையை நாள்தோறும் கண்டு வளர்ந்த எனக்கு, அம்மலை சமவெளிக்குள் அடங்கிக் கிடப்பதாக எண்ணிப் பார்ப்பது முதலில் கடினமாக இருந்தது. பிறகு நான் அறிந்த பெரியவர்கள் சிலரை நினைத்தேன், படம் தெளிவாயிற்று.

கி.மு. 213-இல் சின் பேரரசன் பழைய நூல்களை எரிக்க ஆணையிட்டான். மருத்துவம், உழவு, குறி ஆகியவற்றைப் பற்றிய நூல்களுக்கு விலக்கு அளித்தான். குறிநூல் என்பதால் யீ சிங் பிழைத்தது. கி.மு. 136-இல் ஹான் பேரரசன் வூ அரசவையில் ஐந்து மூலநூல்களுக்குப் புலவர்களை அமர்த்தியபோது, அவற்றுள் ஒன்றாக யீ சிங் இடம்பெற்றது. அரசுப் பணிக்குரிய தேர்வுகள் 1905-ஆம் ஆண்டில் நிறுத்தப்படும் வரையில், சீன மாணவர்கள் அதனை அறநூலாகவே கற்றுவந்தார்கள்.

அறநூலான பிறகு குறி கேட்டல் ஒழிந்துவிட்டதா என்றால், ஒழியவில்லை. ஜூ ஷீ என்னும் பேராசான் 1130 முதல் 1200 வரை வாழ்ந்தவர். யீ நூல் குறிக்காகவே தோன்றியது என்பதை மறத்தல் கூடாது என்று வற்புறுத்தியவர். 1195-ஆம் ஆண்டில், அரசவையில் ஆதிக்கம் செலுத்திய ஹான் துவோஜோ என்பவனைக் கண்டித்து நீண்ட விண்ணப்பம் ஒன்றை எழுதினார். அனுப்பினால் உயிருக்கே கேடு என்று மாணவர்கள் தடுத்தனர். முடிவில் தண்டு எண்ணிக் குறி கேட்டார்கள். ஒதுங்குதல் என்னும் குறி வந்தது. அவர் விண்ணப்பத்தை எரித்துவிட்டார். ஒதுங்கிய கிழவன் என்று பொருள்படும் பெயரையும் தமக்குச் சூட்டிக்கொண்டார். இது துணிவின்மையா, தெளிவா? நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் வாளா இருந்துவிடவில்லை. இறுதி நாள் வரையில் கற்பித்தார், எழுதினார். அவருடைய உரைகளே பின்வந்த நூற்றாண்டுகளில் தேர்வுப் பாடங்களாயின. எங்கே தம் கடமை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே அவருக்குக் குறி பயன்பட்டது என்று கருதுகிறேன்.

இனிக் கொல்லிமலைக்குத் திரும்புவோம். நம் முன்னோரும் குறி பார்த்தவர்களே. அயலார் வாயில் தற்செயலாகப் பிறக்கும் சொல்லைக் கேட்டு நன்மை தீமை அறிவதற்கு விரிச்சி என்று பெயர். தொல்காப்பியம் வெட்சித்திணையில் அதனைக் கூறுகிறது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், போருக்குச் சென்ற தலைவன் மீள்வானா என்று அறிய முதுபெண்டிர் நெல்லும் முல்லைமலரும் தூவி விரிச்சிக்காகக் காத்து நிற்கிறார்கள். ஆயர் மகள் ஒருத்தி, பசித்த கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடும் என்று ஆறுதல் கூறுகிறாள். அச்சொல்லே நற்சொல்லாகிறது. இவ்வாறே பறவையின் போக்கும் நிமித்தமாகக் கொள்ளப்பட்டது. அதனைப் புள் என்பார்கள்.

கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 204-ஆம் பாட்டாக உள்ளது. இரத்தலின் இழிவையும் ஈதலின் உயர்வையும் எடுத்துரைத்த புலவர், பரிசில் பெறாத இரவலர் தாம் புறப்பட்ட வேளையையும் எதிர்ப்பட்ட புள்ளையும் நொந்துகொள்வரேயன்றித் தாம் நாடிச் சென்ற வள்ளலை நோவதில்லை, ஆதலால் நானும் உன்னை வெறுக்கவில்லை என்கிறார். எவ்வளவு நயமான உள்ளம்! மனிதர்மேல் ஏற்ற விரும்பாத பழியைப் பறவையின்மேல் ஏற்றிவிடுகிறார்.

அந்த ஓரியைப் போரில் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. அவனைக் கபிலர் பாடிய 124-ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நாளும் புள்ளும் தீயவாயினும், வேளையறியாமல் புகுந்து பொருந்தாச் சொல் சொன்னாலும், காரியைப் பாடிச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பார் என்கிறார். கொடுப்பவனுடைய குணம் குறியை வென்றுவிடுகிறது. 192-ஆம் பாட்டைப் பாடியவரோ கணியன் பூங்குன்றனார். கணியன் என்றால் நாளும் கோளும் கணிப்பவன். அக்கணியரே, நமக்கு வரும் கேட்டையும் ஆக்கத்தையும் வேறெவரும் கொண்டுவந்து தருவதில்லை என்று பாடுகிறார். லூ நாட்டு மூ ஜியாங் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டபோது நின்ற இடமும் இதுவே அன்றோ? இருவேறு நாட்டார், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே வாயிலை வந்து சேர்ந்தார்கள்.

கழைதின் யானையாரின் பாட்டை மீண்டும் படித்தபோதுதான் 1984-ஆம் ஆண்டின் வெள்ளைப் பூ எனக்கு விளங்கிற்று. அப்பையனுடைய தந்தை அவ்வாண்டு நோயுற்றிருந்தார். தறி நின்றுபோயிருந்தது, நூலுக்காக வாங்கிய முன்பணம் கடனாக நின்றது. மகனைப் படிக்க விடவும் வழியில்லை. படிக்காதே என்று வாய்விட்டுச் சொல்லவும் எவருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பழியைத் தந்தையின்மேலும் போடாமல், பேரன்மேலும் போடாமல், பாட்டி பூவின்மேல் போட்டார். நான் பூவோடு வழக்காடினேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. உங்கள் இடர் என்ன, தறி ஓட யார் துணை நிற்கலாம், கட்டணத்துக்கு நான் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால் ஒருகால் வேறு வழி பிறந்திருக்கும். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்தது, கேள்வி கேட்கும் கலை. அதனை வகுப்பறையில் பயன்படுத்தத் தெரிந்த எனக்கு, ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் பயன்படுத்தத் தெரியவில்லை. நல்ல கேள்வியை விட்டுவிட்ட குற்றம் என்னுடையது.

அப்பையன் தறியிலேயே வாழ்ந்தான். தன் உழைப்பால் கடனைத் தீர்த்தான். ஆண்டுகள் பல சென்றபின், நான் தலைமையாசிரியராக இருந்தபோது, தன் மகளைக் கல்லூரியில் சேர்க்க விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டு என்னிடம் வந்தான். எழுதிக்கொண்டே, "பூக் கேட்டாயா?" என்றேன். அவன் சிரித்தான். "கோயிலுக்குப் போனனுங்க ஐயா. படிக்க வெக்கலாமான்னு கேக்கலீங்க. படிக்க வெக்க எனக்குத் தெம்பு குடுன்னு சொல்லிப் பூவை வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்றான். சீன நாட்டில் சில நூற்றாண்டுகளில் நடந்த மாற்றத்தை அந்த மனிதன் ஒரு தலைமுறையில் நடத்திவிட்டான்.

நண்பர்களே, தேர்வு நெருங்கும்போதும், வேலை தேடும்போதும், இனி என்ன நடக்கும் என்ற அச்சம் உங்களுக்கும் வரும். அவ்வச்சம் ஷாங் அரசனுக்கும் வந்தது. நம் முல்லைப்பாட்டு முதுபெண்டிர்க்கும் வந்தது. அதனை எண்ணி நாண வேண்டியதில்லை. எனக்கு என்ன நேரும் என்று கேட்ட வாயாலேயே, இந்நேரத்தில் நான் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்றும் ஒரு முறை கேளுங்கள். முதற் கேள்விக்கு எலும்பும் தண்டும் பூவும் வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை தேட, இரவில் விளக்கை அணைப்பதற்கு முன் கால் நாழிகை தனித்திருந்தால் போதும்.